கயிற்றுக்கு முன்னே வரவேண்டிய வண்டி

செட்டியார்பட்டியிலோ, அதனோடு தோள் உரசி நிற்கும் தளவாய்புரத்திலோ, நள்ளிரவில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிட்டால், அவ்வீட்டாரும் அண்டை அயலாரும் ஒரு கணமும் தயங்காமல் 108 என்ற எண்ணை அழைக்கிறார்கள், வண்டி வருகிறது, ராஜபாளையம் அரசு மருத்துவமனையை நோக்கிப் போகிறது, அதை யாரும் ஒரு விசேஷச் சம்பவமாகக் கருதுவதில்லை. அதே தெருவில், மூன்று நாளாக உறக்கமின்றி, தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அரிவாளும் கையுமாக நின்று அலறும் ஓர் இளைஞனுடைய வீட்டாருக்கு மட்டும் அந்த எண் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. முதலில் தாய்மாமன் வருகிறார். அவருக்குப் பின்னால் தோள்வலிமை படைத்த நாலு பேர் வருகிறார்கள். பிறகு கயிறு வருகிறது. பிறகு வாடகைக் கார். அதற்கும் பிறகு, கோயிலா, தர்காவா, போலீஸ் நிலையமா, மதுரையா என்ற விவாதம். வைத்தியர் இந்த வரிசையின் கடைக்கோடியில், பல சமயங்களில் மறுநாள் மத்தியானத்துக்குமேல் இடம்பெறுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலன்றி நோயாளிக்கும் க்ஷேமமில்லை, அவனைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கும் க்ஷேமமில்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

இதில் விசித்திரம் என்னவென்றால், சட்டம் அந்த வரிசையை ஏற்கெனவே மாற்றி எழுதிவிட்டது. நாடாளுமன்றம் 2017-இல் நிறைவேற்றி, 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் சேவை எவ்விதத்தில், எவ்வளவில், எந்தத் தரத்தில் கிடைக்கிறதோ அவ்விதத்திலும் அளவிலும் தரத்திலும் மனநோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று, வேறு வியாக்கியானத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. 95-ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் எந்த விதத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தடுக்கிறது. மாரடைப்புக்கு வருகிற வண்டி மனப்பேதலிப்புக்கும் வந்தாக வேண்டும். அது வண்டிக்காரர்களுடைய தயாதாட்சிணியத்தைப் பொறுத்த காரியமன்று, நோயாளியின் உரிமை. ஆனால் பேருந்து நிலையத்துச் சுவர்களில் எத்தனையோ அறிவிப்புகளைப் பார்க்கிறோம். இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவைத்த சுவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

இப்படி ஒரு சட்டம் வர நேர்ந்ததன் பின்னணியில் நம் பக்கத்துத் துயரம் ஒன்றும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கீற்றுக் கொட்டகையில் நடந்துவந்த ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓடவும் வகையின்றி வெந்து மாண்டார்கள். மாண்டவர்கள் 28 பேர். உச்சநீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1985 வரையில் ஏர்வாடி இருந்த அதே ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவைதாம் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நினைவூட்டுவது தகும். அந்த விடுதிக்காரர்கள்மீது நாம் கொண்ட கோபம் நியாயமானதே. ஆனாலும் மாண்ட அந்த மனிதர்கள் ஏர்வாடியில் பிறந்தவர்களல்லர். எங்கெங்கோ உள்ள ஊர்களிலிருந்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று நிச்சயித்த உற்றாரால், ஏதோ ஒரு கொந்தளிப்பான இரவுக்குப் பின் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டவர்கள். அந்த முதல் இரவில் வீட்டுவாசலுக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எங்கே அழைத்துப் போனார்கள் என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் ஆண்டுகளெல்லாம் அமைந்துவிடுகின்றன. தர்காவையும் கோயிலையும் குறைகூறுவது என் நோக்கமன்று. குணசீலத்துக்கும் சோளிங்கருக்கும் ஏர்வாடிக்கும் போகிறவர்கள் நம்பிக்கையினால் மட்டும் போவதில்லை, நள்ளிரவில் கூப்பிட்டால் வருகிற வைத்தியம் வேறு இல்லாததாலும் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டிக்கு இருவர்: ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். சாலை விபத்திலும் பிரசவ வேளையிலும் இவ்விருவரும் ஆற்றும் பணியைப் பற்றி நாட்டில் இரண்டுவித அபிப்பிராயம் இல்லை. ஓடும் வண்டியில் குழந்தையைப் பிறப்பித்துக் கொடுக்கிற கைகளுக்கு, சித்தம் கலங்கிய மனிதன் ஒருவனை அமைதிப்படுத்தும் வித்தை மட்டும் வராது என்று நினைக்கக் காரணமில்லை. அது கற்பிக்கக்கூடிய, பழகிப் பழகிக் கைவரக்கூடிய வித்தைதான். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்த வித்தை இன்னதென்று பொதுமக்களும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், அது பலிப்பதும் பலியாததும் பாதி வண்டிக்காரர்கள் கையிலும் பாதி தெருவார் கையிலும் இருக்கிறது.

தெருமுனையிலேயே அபாயச் சங்கை நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே காதுக்குள் ஓயாத குரல்கள் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு இன்னுமோர் ஓலம் எதற்கு? வீட்டுக்குள் நுழையுமுன் வீட்டாரிடம் சில கேள்விகள்: கையில் ஆயுதம் உண்டா, பூச்சிமருந்து ஏதும் குடித்ததாகச் சந்தேகமா, குடிப்பழக்கம் உண்டா, எப்போது நிறுத்தினார், சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா, தலையில் அடிபட்டதா, முன்பு இப்படி வந்ததா, எந்த மாத்திரையை எப்போது விட்டார். அடுத்தபடியாகக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களையும், எல்லாரையும்விட முன்னதாக, கைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பவர்களையும். உள்ளே போகிறவர் தம் பின்னால் வழி திறந்திருக்கும்படியும், அதே சமயம் நோயாளியின் வழியை மறித்து அவனை மூலையில் ஒடுக்காதபடியும், கைக்கு எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக நிற்க வேண்டும். பேசுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நாலு பேர் நாலு திசையிலிருந்து அதட்டுவதைப்போலப் பித்தத்தைக் கிளப்பும் காரியம் வேறில்லை. “தம்பி, ஆஸ்பத்திரி வண்டியிலே வந்திருக்கேன். உங்களுக்குத் தூக்கமே இல்லைன்னு அம்மா சொன்னாங்க. உங்களை யாரும் அடிக்க வரல. கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?” என்று தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாக, மறுமொழிக்கு இடம் விட்டுச் சொல்ல வேண்டும். அவன் காதில் விழும் குரல் பொய் என்று வாதிட்டு ஜெயிக்கவும் முயலக் கூடாது. எனக்கும் கேட்கிறது என்று நடிக்கவும் கூடாது. அந்தக் குரலால் அவன் படும் பயம் மெய்யானது; அந்தப் பயத்தைப் பற்றிப் பேசலாம். கடைத்தெருவுக்குப் போகலாம் வா என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றுகிற வழக்கம் நம்மிடையே மிகச் சாதாரணம். அன்றைக்குக் காரியம் முடிந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு வெள்ளை உடுப்பு அணிந்த எவர் சொல்லையும் அவன் ஆயுளுக்கும் நம்பமாட்டான்.

இவ்வளவுக்கும் பொழுது பிடிக்கும். விபத்துக்குப் போகும் வண்டி வந்த சுருக்கில் திரும்பியாக வேண்டும். இந்த வேலைக்கு வந்த வண்டியோ, ஆயுதமும் விஷமும் இல்லையென்று தெரிந்தபின், அரைமணி நேரமானாலும் திண்ணையில் உட்காரத் துணிய வேண்டும். எத்தனை வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்து போயிற்று என்று நிமிஷக் கணக்கை மட்டும் பார்க்கிற நிர்வாகம் இந்த அரைமணியைச் சோம்பலென்று எண்ணக்கூடும். அதை வைத்தியமாகவே கணக்கில் எழுத வேண்டும்.

பேச்சு பலிக்காத சந்தர்ப்பமும் உண்டு. இல்லையென்று சொல்வது அனுபவத்துக்கு விரோதம். அப்போது பிடித்தே ஆகவேண்டுமானால், பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கைக்கொருவர், காலுக்கொருவர், தலைமாட்டில் பேசிக்கொண்டும் மூச்சைக் கவனித்துக்கொண்டும் ஒருவர்; ஆக ஐவர். மல்லாக்க அல்லது ஒருக்களித்து மட்டுமே கிடத்தலாம், குப்புறக் கிடத்தலாகாது, மார்பின்மீதோ முதுகின்மீதோ முழங்காலை ஊன்றலாகாது. உக்கிரமாகத் திமிறுகிறவனுக்கு மற்றவர்களைவிட மூச்சு அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் அவன் மார்புக்கூட்டை அழுத்தினால் சில நிமிஷங்களில் பிராணன் போய்விடும். கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று அடங்கிவிட்டால், பாடு தீர்ந்தது என்று சுற்றியிருப்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நொடியில்தான் நாடியைப் பார்க்க வேண்டும்.

பணமும் கருவிகளும் குறைவற்ற தேசங்களிலும் இது பிசகியிருக்கிறது. 2019 ஆகஸ்டில், அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், எலைஜா மெக்ளெய்ன் என்ற 23 வயது இளைஞர் கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் வழியில் போலீசாரால் மறிக்கப்பட்டு, கழுத்து நெரிபட்டுத் தரையில் கிடந்தபோது, ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவரை ஆராயாமலே, ‘உன்மத்த வெறி’ என்ற பொருள்படும் ஒரு முத்திரையைக் குத்தி, அவருடைய எடைக்கு மிஞ்சிய அளவில் கெட்டமின் மருந்தை ஏற்றினார்கள். வழியிலேயே இதயம் நின்றது. சில நாளில் இறந்தார். 2023 டிசம்பரில் அந்த இரு ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் குற்றவாளிகள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அமெரிக்க அவசர மருத்துவர்களின் சங்கம் அந்த முத்திரைச் சொல்லுக்குத் தான் முன்பு தந்திருந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. மருந்தும் கையும் இருந்தால் போதாது, முதலில் கண் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சியம் தேவையில்லை.

அந்தக் கண்ணைப் பற்றி இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டாரும் போலீசாரும் பூசாரியும் எவ்வளவு நல்லெண்ணம் உள்ளவர்களானாலும் அவர்களால் காண முடியாததும், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரால் காண முடிவதும் இங்கேதான் இருக்கிறது. பிதற்றுகிறவர்களெல்லாம் மனநோயாளிகளல்லர். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தவர், இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து, மூளைக்கு ஆகாரமின்றி, பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் அடிக்கப் பாய்வார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிடும். குளுக்கோஸ் ஏறியதும் என்ன நடந்தது என்று அவரே கேட்பார். நெடுங்காலம் குடித்தவர், கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் மதுவை நிறுத்திவிட்டால், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, சுவரில் பூச்சியும் பாம்பும் ஊர்வதாகக் கண்டு கூச்சலிடலாம். சாமிக் குற்றம் என்று வீட்டார் பயப்படுவார்கள். அதுவோ சிகிச்சையின்றி விட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய மதுநிறுத்த ஜன்னி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டைக்குள் இரத்தம் கட்டியவர், மூளைக் காய்ச்சல் கண்ட குழந்தை, ஊமத்தை விதையைத் தின்றவர், வலிப்பு வந்து தெளியாமல் கிடப்பவர், பிரசவித்த சில நாளில் சித்தம் கலங்கிப்போன தாய் என்று இந்த வரிசை நீளும். இவர்களில் எவரையேனும் கயிற்றால் கட்டி ஒரு மண்டபத்தில் படுக்கவைத்தால், விடிவதற்குள் மனிதர் முடிந்துபோகக்கூடும். பேய் அடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். சர்க்கரை, உடல்வெப்பம், நாடி, பிராணவாயு அளவு, கண்பாவை ஆகிய ஐந்தையும் பார்க்கும் சாதனங்கள் ஆம்புலன்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வண்டியைக் கூப்பிடாமல் தாய்மாமனை மட்டும் கூப்பிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

மருந்தைக் குறித்தும் நாம் கடன்வாங்கிய ஞானத்தோடு நிற்க வேண்டியதில்லை. கொந்தளிப்பிலிருக்கும் நோயாளியை எந்த ஊசி விரைவாகவும் அபாயமின்றியும் அமைதிப்படுத்துகிறது என்ற கேள்விக்கு, உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிற ஆராய்ச்சிகளில் இரண்டு நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தவை. 2004-இல் வெளிவந்த முதலாவதில் 200 நோயாளிகளும், 2007-இல் வெளிவந்த இரண்டாவதில் 300 நோயாளிகளும் சேர்க்கப்பட்டனர். ஹாலோபெரிடால், புரோமெத்தசின் என்ற இரண்டு மலிவான பழைய மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது லோராசிபாமைவிட விரைவாக அமைதி தருகிறது என்பதை முதலாவது காட்டிற்று. விலைமிகுந்த ஒலான்சபின் ஊசி கால்மணி நேரத்தில் ஏறக்குறைய அதே பலனைத் தந்தாலும், அடுத்த நாலு மணி நேரத்தில் மேலும் மருந்து தேவைப்பட்டவர்கள் ஒலான்சபின் பெற்றவர்களிலேயே அதிகம் என்பதை இரண்டாவது காட்டிற்று. அந்த மலிவான ஊசி தாலுகா மருத்துவமனைக்கு எட்டாத சரக்கன்று. அதைப் போடச் சொல்ல மனநல நிபுணர்தான் வேண்டுமென்பதும் இல்லை. உயிருக்கோ உடலுக்கோ உடனடிக் கேடு நேரக்கூடிய வேளையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரையில் அவசர சிகிச்சை அளிக்கலாம் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. அந்த அவசர சிகிச்சைக்குள் நோயாளியை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அடங்கும். ஆகவே, “இங்கே மனநல டாக்டர் இல்லை, மதுரைக்குக் கொண்டுபோங்கள்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது சட்டத்துக்கும் பொருந்தாது, வைத்திய தர்மத்துக்கும் பொருந்தாது. செட்டியார்பட்டியிலிருந்து விருதுநகரே அறுபது கிலோமீட்டருக்கு மேல். மதுரை இன்னும் தூரம். அத்தனை தூரமும் ஒரு மனிதனைக் கட்டிப்போட்டுக் கொண்டுபோவதைவிட, ராஜபாளையத்தில் ஓர் ஊசி போட்டு, தூங்கும் மனிதனை மூச்சைக் கவனித்தபடி கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கிறவர்கள் நள்ளிரவில் அந்த வண்டியில் போனவர்களாக இருக்க முடியாது. வண்டியில் இருப்பவர்கள் இரண்டே பேர். உதவியாளர் பல சமயங்களில் இளம்பெண். ஐவர் பிடிக்க வேண்டிய இடத்தில் இருவரை அனுப்பிவிட்டு, அரிவாளுக்கு எதிரே இனிய சொல் பேசுங்கள் என்று உபதேசிப்பது சுலபம். அவர்கள் உயிருக்கு யார் ஜவாப்தாரி? ஆட்சேபம் நியாயமானது. ஆயுதம் இருக்கிற வீட்டுக்குள் நுழையாமல், தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காவலர் வரும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பூரண உரிமை வேண்டும். அதற்காக விளக்கம் கேட்கப்படமாட்டாது என்ற எழுத்துமூலமான உறுதியும் வேண்டும். போலீசார் வருவதில் தோஷமில்லை. சட்டத்தின் 100-ஆம் பிரிவே, மனநோயால் தனக்கோ பிறர்க்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதைக் காவல்நிலைய அதிகாரியின் கடமையாக்குகிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கலாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. போலீசார் துணைக்கு வரலாம், தலைமைக்கு அல்ல; அந்த வீட்டு வாசலில் கட்டளை வைத்தியத்தினுடையதாக இருக்க வேண்டும்.

பிற தேசங்கள் இதை எப்படியெல்லாம் முயன்றன என்பதில் நமக்குப் பாடங்கள் உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், கத்தியோடு நின்ற மனநோயாளி ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து, 1988-இல் காவலரிலேயே ஒரு பகுதியினருக்கு இதற்கென்று பயிற்சி அளித்தார்கள். ஸ்டாக்ஹோம் நகரத்தில் 2015 முதல், மனநலச் செவிலியர் இருவரையும் ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு தனி வண்டியே ஓடியது. ஓரிகான் மாகாணத்து யூஜீன் நகரத்தில், போலீசுக்குப் பதிலாக மருத்துவ ஊழியரையும் ஆற்றுப்படுத்துவோரையும் அனுப்பிய 1989-ஆம் ஆண்டு ஏற்பாடு, உலகமெங்கும் புகழ்பெற்ற பிறகு, 2025-இல் பண நெருக்கடியால் அந்நகரத்தில் நின்றுபோயிற்று. கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்: புகழ் பட்ஜெட்டுக்கு ஈடாகாது. தனி வண்டி, தனி இலாகா என்று பெரிதாகத் திட்டமிட்டு ஐந்தாண்டில் கைவிடுவதைவிட, இருக்கிற 108 வண்டிக்கே இந்த வித்தையைக் கற்பிப்பது நிலைக்கும்.

கற்பிக்கவும் ஆள் இருக்கிறார்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மனநல மருத்துவர்களும், மாவட்ட மனநலத் திட்டத்தினரும், 108 வண்டிக்காரர்களையும் தளவாய்புரம், சேத்தூர் போன்ற காவல் நிலையங்களின் காவலர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர்கள் பேசிப் பழகும்படி, ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி நடத்தலாம். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிற ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை, வாசலில் நிற்கிற உதவியாளருக்கும் காதில் யோசனை சொல்லும்படி இணைக்கப்படலாம். வீட்டிலும் ஒன்று செய்யலாம்: நோய் தணிந்திருக்கும் நல்ல நாளில், மறுபடி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எப்படி நடத்த வேண்டும் என்று நோயாளியே சட்டப்படி எழுதிவைத்து, தமக்கொரு பிரதிநிதியையும் நியமித்துக்கொள்ளலாம். நாட்டின் மருத்துவமனைகளுக்கெல்லாம் காயக்கட்டுத் துணி நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டி இந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதை இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நேரத்தில், மாட்டுக் கயிற்றுக்குப் பதில் அகன்ற மெல்லிய துணிப்பட்டைகளை வண்டிதோறும் வைப்பதற்கு இந்த வட்டாரம் வெளியூரைத் தேட வேண்டியதில்லை.

முடிவாக ஒரு கணக்கு வேண்டும். மனநல மருத்துவமனைக்குள் ஒருவரைக் கட்டினால், வேறு வழியில்லை என்று மனநல மருத்துவர் அனுமதித்திருக்க வேண்டும், ஆள் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்லலாகாது, ஏன் கட்டினோம், எவ்வளவு நேரம் என்று எழுதி மறுஆய்வு வாரியத்துக்கு மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும் என்று 97-ஆம் பிரிவு விதிக்கிறது. வீட்டிலிருந்து மருத்துவமனை வரையிலான சாலையில் கட்டினால் அத்தகைய கணக்கு எதையும் அந்தப் பிரிவு கேட்பதில்லை. மாவட்ட நிர்வாகம் நாளைக்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்: கட்டப்பட்ட நிலையில் வந்திறங்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் 108-இல் வந்தாலும் வாடகைக் காரில் வந்தாலும், யார் கட்டினார்கள், எதனால், எத்தனை மணிக்கு, எப்போது அவிழ்த்தார்கள், சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று ஐந்து வரிகளை அவசரப் பிரிவின் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று. அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம்; ஒரு நோட்டுப் புத்தகமும், அதை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிற ஓர் அதிகாரியும் போதும்.